5 தங்கத்துல 3 தங்கம் ஜோடிக்கு. நம்ம ஊர்ல ஜோடிக்கு என்ன இருக்கு?



ஒரு சின்னக் கேள்வி. ஒலிம்பிக் பேட்மிண்டன்ல மொத்தம் எத்தனை தங்கம்? 5. ஆண்கள் ஒற்றையர், பெண்கள் ஒற்றையர், ஆண்கள் இரட்டையர், பெண்கள் இரட்டையர், கலப்பு இரட்டையர். அதாவது 5-ல் 3 தங்கம் இரண்டு பேராகச் சேர்ந்து ஆடுறவங்களுக்கு.

அடுத்த கேள்வி. ஒலிம்பிக் பேட்மிண்டன்ல இந்தியா இதுவரை வாங்கின பதக்கங்கள்? 2012 லண்டனில் சாய்னா வெண்கலம். 2016 ரியோவில் சிந்து வெள்ளி. டோக்கியோவில் மறுபடியும் சிந்து, வெண்கலம். மூன்றும் ஒற்றையர். இரட்டையர்ல ஒண்ணுகூட இல்லை.

இதைப் படிச்சதும் "நம்ம ஆளுங்களுக்கு டபுள்ஸ் வராது" என்று முடிவு கட்டிடாதீங்க. வரும். எப்படி வரும், வந்தும் ஏன் நிக்க மாட்டேங்குது, இதுல நம்ம உளுந்தூர்பேட்டைக்கு என்ன வேலை என்பதைத்தான் இந்தப் பதிவில் சொல்லப் போறேன். கொஞ்சம் நீளம். பொறுமையாப் படிங்க.

ஆந்திராவில் கோனசீமா பக்கம் அமலாபுரம் என்று ஒரு ஊர். தென்னந்தோப்பும் வாய்க்காலுமான சின்ன ஊர். அங்கே ஒரு விளையாட்டு ஆசிரியர் வீட்டில் 2000-ல் பிறந்த பையன் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி. 2014-ல் ஹைதராபாத்தில் உள்ள கோபிசந்த் அகாடமிக்குப் போனான். ஒற்றையர் நட்சத்திரங்களின் கோட்டை அது. அங்கே போய் அவன் தேர்ந்தெடுத்தது இரட்டையர்.

2016 வாக்கில் இந்திய அணியின் இரட்டையர் பயிற்சியாளராக இருந்த மலேசியாக்காரர் டான் கிம் ஹெர், சாத்விக்கை மும்பைப் பையன் சிராக் ஷெட்டியோடு ஜோடி சேர்த்தார். இருவருக்கும் ஏற்கெனவே வேறு ஜோடி இருந்தது. இரண்டு பேருமே உயரமானவர்கள், பின்னால் நின்று ஸ்மாஷ் அடித்தே பழகியவர்கள். "அப்போ முன்னாடி வலைக்கிட்ட யாரு நிக்கிறது?" என்பதுதான் முதல் சிக்கல். இரண்டாவது சிக்கல் மொழி. சாத்விக்குக்குத் தெலுங்குதான் சரளம். சிராக் மும்பை. கோர்ட்டுக்குள் "நீ எடு", "நான் எடுக்கிறேன்" என்று அரை நொடியில் பேசிக்கொள்ளவேண்டிய விளையாட்டில், பேச்சே தடையாக நின்றது.

அந்தத் தடையைத் தாண்டிய பிறகு என்ன நடந்தது என்று பாருங்க.

2018 காமன்வெல்த்தில் வெள்ளி. 2019 தாய்லாந்து ஓப்பன் இறுதியில் உலக சாம்பியனாக இருந்த சீன ஜோடியை வீழ்த்திப் பட்டம். 2022 காமன்வெல்த்தில் தங்கம். அதே ஆண்டு டோக்கியோ உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலம். இந்திய ஆண்கள் இரட்டையருக்கு அந்தப் போட்டியில் கிடைத்த முதல் பதக்கம். 2023-ல் ஆசிய சாம்பியன்ஷிப் தங்கம், இந்தோனேசிய ஓப்பன் பட்டம், ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம். அந்த அக்டோபரில் உலகத் தரவரிசையில் 1-வது இடம். எந்த இந்திய இரட்டையர் ஜோடியும் அதுவரை அங்கே உட்கார்ந்ததில்லை. ஸ்மாஷ் வேகத்தில் கின்னஸ் சாதனையும் சாத்விக் பெயரில்தான்: மணிக்கு 565 கிலோமீட்டர்.

2022 தாமஸ் கோப்பையை மறந்திருக்க மாட்டீங்க. ஆண்கள் அணிகளுக்கான உலகக் கோப்பை மாதிரி அது. ஒரு மோதலில் 5 ஆட்டம்: 3 ஒற்றையர், 2 இரட்டையர். ஒற்றையரில் நமக்கு எப்போதும் நல்ல ஆட்கள் உண்டு. இரட்டையர் ஆட்டம் வரும்போது எதிரணிக்காரன் நிம்மதியா மூச்சு விடுவான். பாங்காக்கில் இந்தோனேசியாவோடு நடந்த அந்த இறுதியில் லக்‌ஷயா சென் முதல் ஆட்டத்தை ஜெயிச்சார். இரண்டாவதாக இறங்கிய சாத்விக் - சிராக் முதல் கேமை 18-21 என்று இழந்து, அடுத்த இரண்டையும் 23-21, 21-19 என்று பிடித்தார்கள். பிறகு ஸ்ரீகாந்த் முடித்துவைத்தார். 3-0. இந்தியா முதல்முறையா தாமஸ் கோப்பையைத் தூக்கியது. நடுவில் அந்த டபுள்ஸ் போயிருந்தால் கதையே வேறு.

இப்போ இதே கணக்கின் இன்னொரு பக்கம். அதே 2022, பர்மிங்காம் காமன்வெல்த், கலப்பு அணி இறுதி. இந்தியா - மலேசியா. மலேசியா 3-1 என்று ஜெயிச்சது. தங்கத்தை உறுதி செய்த கடைசி ஆட்டம் பெண்கள் இரட்டையர். ஆடியவர்கள் பெர்லி டான், தினா முரளிதரன். ஆமாம், பெயரைப் பார்த்து நீங்க நினைச்சது சரிதான். தினா மலேசியத் தமிழ்ப் பொண்ணு. அதே விளையாட்டில் பெண்கள் இரட்டையர் தங்கமும் இந்த ஜோடிக்குத்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 4-வது இடம். 2025 உலக சாம்பியன்ஷிப்பில் வெள்ளி.

ஒரு தமிழ்ப் பொண்ணும் ஒரு சீனப் பொண்ணும் ஜோடி போட்டு உலகத்தின் உச்சி வரைக்கும் போறாங்க. தோட்டத் தொழிலுக்குக் கப்பலேறிப் போன நம்ம சனத்தின் வாரிசுகள் வாழும் நாட்டில், இரட்டையருக்கென்று தனிப் பயிற்சி, தனிப் பயிற்சியாளர், தனி மரியாதை இருக்கு. ரத்தத்துல என்ன இருக்கு என்பதில்லை விஷயம். அரங்கத்துல என்ன இருக்கு என்பதுதான்.

சரி, இரட்டையர் ஆட்டக்காரரின் வாழ்க்கை எப்படிப்பட்டது?

நான் இன்ஜினியரிங் படிச்சவன், அதனால எனக்குத் தெரிந்த உதாரணத்திலேயே சொல்றேன். கல்யாண வீட்டு வாசலில் பழைய சீரியல் லைட் தொங்கவிடுவாங்க இல்லையா? ஒரு பல்பு ஃபியூஸ் போனா அந்த வரிசையே அணைஞ்சிடும். மத்த பல்பு எல்லாம் நல்லாத்தான் இருக்கும், ஆனா எரியாது. டபுள்ஸ் ஆட்டக்காரரின் தொழில் அப்படித்தான். 2025 மார்ச்சில் ஆல் இங்கிலாந்து போட்டியில் சிராக்குக்கு முதுகு பிடிச்சது, ஜோடி பாதியிலேயே விலகியது. சாத்விக் என்ன செய்ய முடியும்? ஒருவர் காயப்பட்டா இருவரும் வீட்டுக்கு. தரவரிசைப் புள்ளியும் ஜோடிக்குத்தான் சேரும். ஜோடி பிரிஞ்சா, இத்தனை வருஷம் கட்டின வீட்டை விட்டுட்டு வேறொருத்தரோட சேர்ந்து புதுசா அஸ்திவாரம் தோண்டணும்.

காசு விஷயம் இன்னும் வெளிப்படை. 2023 இந்தோனேசிய ஓப்பனில் மொத்தப் பரிசு 12.5 லட்சம் டாலர். ஒற்றையர் சாம்பியனுக்கு 87,500 டாலர். இரட்டையர் சாம்பியனுக்கு 92,500 டாலர். "அட, அதிகமாத்தானே இருக்கு" என்று தோணும். அது ஜோடிக்கு. பிரிச்சா ஆளுக்கு 46,250. அதே கோப்பை, அதே வாரம், அதே வியர்வை. கையில் வர்றது பாதியைவிடக் கொஞ்சம் கூட. இது உச்சியில் இருக்கிறவங்க கதை. கீழே சின்னப் போட்டிகளில் சொந்தக் காசில் விமானம் ஏறும் ஜோடியின் நிலைமையை நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

இதையெல்லாம் மீறி ஜெயிச்சாலும் அதிர்ஷ்டம் வேறு வழிமறிக்கும். டோக்கியோ ஒலிம்பிக்கில் சாத்விக் - சிராக் தங்கள் பிரிவில் 3 ஆட்டம் ஆடி 2 ஜெயிச்சாங்க. அதில் ஒன்று தைவானின் லீ யாங் - வாங் சி லின் ஜோடிக்கு எதிராக. கடைசி கேம் 27-25. ஆனா மூன்று ஜோடிகள் தலா 2 வெற்றியோடு நின்றதால் கேம் வித்தியாசக் கணக்கில் நம்ம ஜோடி வெளியே. அவர்களிடம் தோற்ற தைவான் ஜோடி அந்த ஒலிம்பிக்கில் தங்கமே வாங்கியது! பாரிஸில் காலிறுதி, முதல் கேமை 21-13 என்று அடித்து நொறுக்கியும், மலேசிய ஜோடியிடம் அடுத்த இரண்டை இழந்தார்கள். தங்கம் வாங்கின ஜோடியையே ஜெயிச்சவங்க கழுத்தில் இன்னும் ஒலிம்பிக் பதக்கம் இல்லை.

பெண்கள் கதை இதைவிடக் கடினம். ஜுவாலா குட்டா - அஸ்வினி பொன்னப்பா 2010 டெல்லி காமன்வெல்த்தில் தங்கம் வாங்கினாங்க, 2011 உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வாங்கினாங்க. பெண்கள் இரட்டையரில் இந்தியாவுக்கு அதுதான் முதல் உலகப் பதக்கம். இரட்டையரை இரண்டாம் தரமா நடத்துறாங்க என்று ஜுவாலா பல ஆண்டுகள் சத்தமாச் சொன்னார். அதைக் கேட்டுத் திருந்தாமல், அவரை "வாய் அதிகம்" என்று முத்திரை குத்தியவர்கள்தான் அதிகம். அஸ்வினி 2024 பாரிஸ் வரை ஆடிவிட்டு, இதுதான் என் கடைசி ஒலிம்பிக் என்று கண்ணீரோடு சொன்னார். அதற்குப் பிறகு, அவருக்கு இத்தனை கோடி செலவழிச்சோம் என்று ஒரு கணக்கு வெளியானபோது, அந்தப் பணம் என் கைக்கு வரவே இல்லை என்று வெளிப்படையாக மறுத்தார். தாமஸ் கோப்பை ஜெயிச்ச சிராக், 2024-ல் கிரிக்கெட் வீரர்களைத் தன் மாநில அரசு பாராட்டியபோது, எங்களை யாரும் கண்டுக்கவே இல்லையே என்று வருத்தப்பட்டார். உலகின் 1-வது இடத்தில் இருந்தவர் இப்படிக் கேட்கவேண்டிய நிலை என்றால், நம்ம ஊர்ப் பிள்ளை யார்கிட்டப் போய்க் கேட்கும்?

இப்போ நம்ம ஊருக்கு வருவோம்.

உளுந்தூர்பேட்டையைத் தமிழ்நாட்டுக்கே தெரியும். ஆனா எப்படித் தெரியும்? சென்னை - திருச்சி சாலையில் டோல்கேட்டாத் தெரியும். சேலத்துக்குத் திரும்புற இடமாத் தெரியும். எல்லாரும் நம்மளைக் கடந்து போறாங்க. நம்ம பிள்ளைகளும் ஒரு வயசு வந்ததும் அதே சாலையைப் பிடிச்சுப் போயிடறாங்க. விளையாட்டுல கொஞ்சம் தேறினா "சென்னைக்கு அனுப்புங்க" என்பதுதான் பெற்றோருக்குக் கிடைக்கும் ஒரே அறிவுரை. எத்தனை வீட்டால் முடியும்?

ராத்திரி ஏழு மணிக்கு மேல நம்ம தெருக்களில் ஒரு நடை போய்ப் பாருங்க. இரண்டு கம்பத்துக்கு நடுவில் கயிறு, பழைய வலை, தெருவிளக்கு வெளிச்சம், சுண்ணாம்புக் கோடு, நைலான் ஷட்டில். ஆடுறது எத்தனை பேர்? நாலு பேர். ஓரத்தில் அடுத்த செட்டுக்கு நாலு பேர் காத்திருப்பாங்க. எங்கேயாவது ஒத்தைக்கு ஒத்தை ஆடிப் பார்த்திருக்கீங்களா? இடமும் குறைவு, ஷட்டிலும் குறைவு, ஆளோ அதிகம். அதனால இயற்கையாகவே நம்ம ஊரு ஆடுறது டபுள்ஸ்தான். நம்ம மண்ணில் பிறந்த பூப்பந்தும் அணியா, ஜோடியா ஆடுற ஆட்டம்தானே. கூடி ஆடுறது நமக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லாத பழக்கம்.

ஆனா அதே பிள்ளைகளில் ஒருத்தன் முறையாப் பயிற்சிக்குப் போனா, அங்கே பெரும்பாலும் அவனைத் தனியாளாத்தான் பார்க்கிறாங்க. இரட்டையர் வேறு ஆட்டம், தோழர்களே. கோர்ட்டின் அகலம் ஒற்றையருக்கு 5.18 மீட்டர், இரட்டையருக்கு 6.10 மீட்டர். சர்வீஸ் போடும் கட்டத்தின் அளவே வேறு. தாக்கும்போது ஒருவர் முன்னால் ஒருவர் பின்னால், தடுக்கும்போது இருவரும் பக்கத்துப் பக்கத்தில். இந்த இடமாற்றம் ஒரு புள்ளிக்குள்ளேயே பலமுறை நடக்கும். சர்வீஸ், அதை எடுக்கிறது, மூன்றாவது அடி என்று முதல் மூன்று அடியிலேயே பாதி ஆட்டம் முடிவாகும். ஒற்றையரில் தோற்றவனை "நீ டபுள்ஸுக்குப் போ" என்று தள்ளிவிட்டா இதெல்லாம் வந்துடாது. தனியாச் சொல்லித் தரணும், சின்ன வயசிலேயே.

சொல்லித் தர ஆள்? நம்ம நாட்டு உச்ச ஜோடிக்கே அந்த ஆள் வெளிநாட்டிலிருந்துதான் வந்தார். முதலில் மலேசியாவின் டான் கிம் ஹெர், பிறகு டென்மார்க்கின் மத்தியாஸ் போ, 2025-ல் மறுபடியும் டான் கிம் ஹெர். அவங்க வந்தது நல்லதுதான். ஆனா மேலே ஒருவரை இறக்குமதி செய்துட்டு, கீழே மாவட்டத்துக்கு ஒரு டபுள்ஸ் பயிற்சியாளரைக்கூட உருவாக்கலைன்னா, அடுத்த ஜோடி எங்கிருந்து வரும்?

அதனால கோரிக்கை இதுதான். பெருசா ஒண்ணும் கேட்கலை.

ஒன்று: ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் சிறு விளையாட்டரங்கம் என்று அரசு அறிவித்திருக்கிறது. நம்ம தொகுதி அரங்கத்தில் காத்துப் புகாத உள்ளரங்க பேட்மிண்டன் கோர்ட் குறைஞ்சது இரண்டாவது வேணும். ஒரு கோர்ட்டில் நாலு பேர் ஆடலாம்; இரண்டு கோர்ட் இருந்தா ஒரே நேரத்தில் எட்டுப் பிள்ளைகள். கட்டுற காசுக்கு அதிகம் பேருக்குப் பயன்படுறது டபுள்ஸ்தான்.

இரண்டு: மாவட்டத்துக்கு ஒரு இரட்டையர் பயிற்சியாளர். ஏற்கெனவே இருக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு இதில் தனிப் பயிற்சி கொடுத்தாலே பாதி வேலை முடிஞ்சது. அமலாபுரத்துப் பையனுக்கு முதல் படிக்கட்டு ஒரு விளையாட்டு ஆசிரியரின் வீடுதான் என்பதை மறக்காதீங்க.

மூன்று: கல்வராயன் மலைப் பிள்ளைகள். வெள்ளிமலையிலிருந்து ஒரு பிள்ளை தினமும் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வந்து பயிற்சி எடுக்க முடியாது. பயிற்சியாளர் வாரத்தில் இரண்டு நாள் மலை ஏறட்டும். அங்கே உள்ள உண்டு உறைவிடப் பள்ளிகளில் பிள்ளைகள் ஒரே இடத்தில் சேர்ந்து வாழறாங்க. சேர்ந்து சாப்பிட்டு, சேர்ந்து தூங்கி எழுகிற பிள்ளைகளைவிட நல்ல ஜோடி வேற எங்கே கிடைக்கும்?

நான்கு: உதவித்தொகை, பயணச் செலவு, பாராட்டு எதுவானாலும் ஜோடிக்கு என்று ஒன்றைக் கொடுத்துப் பாதியாப் பிரிச்சுக்கச் சொல்லக் கூடாது. இரண்டு பேருக்கும் இரண்டு வயிறு, இரண்டு ஷூ, இரண்டு ரயில் டிக்கெட்.

இப்போ கமெண்ட்டில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். "ரோடு போடலை, குடிதண்ணி வரலை, இதுல ஷட்டில் கோர்ட் ஒரு கேடா?" நியாயமான கோபம். ரோடும் தண்ணியும் கேட்கிறதை நாம நிறுத்தப் போறதில்லை. ஆனா நம்ம மாவட்டத்தின் பெயர் 2024 ஜூனில் நாடு முழுக்க எதுக்காகப் பேசப்பட்டது என்று யோசிச்சுப் பாருங்க. கள்ளச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்ட உயிர் போச்சு. பேட்மிண்டன் கோர்ட் கட்டினா அது தடுத்திருக்கும் என்று சொல்றவன் முட்டாள். நான் அதைச் சொல்லலை. அதுக்கு வேறு பொறுப்பு, வேறு பதில் உண்டு. ஆனா ஒரு ஊரில் பொழுது சாயும் நேரத்தில் ஒரு இளைஞன் காசில்லாமல் போய் உட்கார, ஓட, வியர்க்க எத்தனை இடம் திறந்திருக்கு என்பதும் ஆட்சியின் கணக்குதான். ரோடு மாதிரி, தண்ணி மாதிரி அதுவும் உரிமைதான்.

இன்னொருத்தர் கேட்பார்: "ஒரு சிந்து வந்தா போதாதா?" சிந்து நம்ம பெருமை, சந்தேகமே இல்லை. ஆனா ஒரு தனி நட்சத்திரத்துக்குக் காத்திருக்கிற ஊர் காத்துக்கிட்டே இருக்கும். ஜோடி என்பது அப்படி இல்லை. ஒரு பிள்ளைக்கு உயரம் இருக்கும், இன்னொன்றுக்கு வேகம் இருக்கும். ஒன்றுக்கு ஸ்மாஷ், இன்னொன்றுக்கு வலைக்கிட்ட கை. தனித்தனியாப் பார்த்தா "இது தேறாது" என்று ஒதுக்கப்படுகிற இரண்டு பிள்ளைகள், சேர்த்து நிறுத்தினா ஒரு முழு ஆட்டக்காரர். வசதி குறைந்த ஊருக்கு இதைவிட நல்ல வழி இருக்கா?

இது நம்ம கட்சிக்காரங்களுக்கு நல்லாவே புரியும். பூத்தில் ஒருத்தர் பட்டியலைப் பார்ப்பார், இன்னொருத்தர் வீடு வீடாப் போவார். மேடையில் தெரியிறது ஒரு முகம். அந்த மேடையைப் போட்டது எத்தனை கை என்று போட்டவனுக்குத்தான் தெரியும். அந்தக் கைகளோட பதிவு இது.

செய்யவேண்டியது என்ன? உங்க ஊராட்சியின் அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமா வைங்க. நகராட்சிப் பகுதியில் இருக்கிறவங்க உங்க வார்டு உறுப்பினர்கிட்ட மனுவாக் கொடுங்க. மனு கொடுத்தா ஒப்புதல் ரசீது கேட்டு வாங்குங்க, தேதியைக் குறிச்சு வைங்க. உங்க தெருவில் ராத்திரி நேரத்தில் ஆடும் நாலு பிள்ளைகளின் பெற்றோரை அந்த மனுவில் கையெழுத்துப் போடச் சொல்லுங்க. எந்தக் கட்சி வீடு என்று பார்க்காதீங்க. வலைக்கு அந்தப் பக்கம் நிக்கிறவனும் நம்ம ஊர்ப் பிள்ளைதான்.

அமலாபுரத்தால் முடிஞ்சது உளுந்தூர்பேட்டையாலும் முடியும். ஒரு ஆளை அனுப்பிவைக்க வேண்டாம். இரண்டு பேரை இங்கேயே வளர்ப்போம்.

படிச்சவங்க பகிருங்க. பகிர்ந்தவங்க மனு எழுதுங்க.

#இரட்டையருக்கும்_இடம்_வேண்டும்
#உளுந்தூர்பேட்டைக்கு_உள்ளரங்கம்

தகவல் தொழில்நுட்பப் பிரிவு,
உளுந்தூர்பேட்டை